பிஸ்கோத்துக்குக் கட்டின காப்பு

அந்தப் பெஞ்சு வேண்டாமுங்கண்ணா, ஈரமா இருக்குது. இப்பத்தான் பினாயில் ஊத்திக் கழுவி உட்டுட்டுப் போனாங்க. இப்படி வாங்க, இங்க எடமிருக்குது. ஆட்டுக்குட்டிங்களா? என்னாச்சு அதுக்கு? காலுங்களா? கால்னாப் பரவால்லீங்க, கட்டுப் போட்டா சரியாப் போயிரும். உங்க டோக்கன் எத்தன? நாப்பத்தி நாலுங்களா? எங்களுது நாப்பத்தொண்ணு. உள்ளார போயி ஒரு மணி நேரம் ஆச்சு. நாயிங்க. ஆப்பரேசன் நடக்குது.

இல்லீங்கண்ணா, தண்ணி வேண்டாம். நீங்க குடிங்க. நான் சஷ்டி விரதம். இன்னைக்கு ஆறாம் நாளு. பொழுதோட சூரசம்காரம், நாளைக்குத் திருக்கல்யாணம், அது முடிஞ்சுதான் எலை போட்டுச் சாப்புடோணும். மஞ்சச் சீலையோட மாட்டாஸ்பத்திரில வந்து உக்காந்திருக்கறாளே, இவ யாருன்னு நெனச்சிருப்பீங்க. எங்க வூட்டுக்காரரு வரல. காப்புக் கட்டுன அன்னைக்கு ஏத்தி வச்ச வெளக்கு ஆறு நாளும் அணையக்கூடாது, யாராச்சும் பக்கத்துல இருந்து எண்ணெய் ஊத்திட்டே இருக்கோணும். அவர அங்க உக்கார வச்சுட்டு வந்துட்டேன். எஸ்தருன்னு பக்கத்து வூட்டுப் புள்ள, நர்சு வேலை பாக்குது, அதுதான் என்னையக் கூட்டியாந்துச்சு. டாக்டரம்மா ஏதோ மருந்து எழுதிக் குடுத்தாங்க, வெளிய வாங்கப் போயிருக்குது. நான் ஒத்தையாத்தான் உக்காந்திருக்கறனுங்க.

நாயி பேரு பிஸ்கோத்து. சிரிச்சாச் சிரிச்சுக்கங்க, எல்லாருந்தான் சிரிக்கறாங்க. குட்டியா வந்தப்ப பிஸ்கோத்தத் தவிர ஒண்ணுந் திங்காது. அது என் மக தாரணியோட நாயி. கரூர்ல கட்டிக் குடுத்திருக்கறோம், எட்டு வருசமாச்சு. கண்ணாலமான புதுசுல மாப்ள ஆசையா வாங்கியாந்த குட்டி. தாரணி அத மடிய உட்டு எறக்க மாட்டா. ஒரு வருசம் ஆச்சு, ஒண்ணரை வருசம் ஆச்சு, மக வயித்துல ஒண்ணும் தங்கல. உடனே சம்பந்தியம்மா சொல்லிப் போட்டாங்க, “மடியில நாயி உக்காந்திருந்தாக் கொழந்தைக்கு எடம் எங்க இருக்குது”ன்னு. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் உக்காந்திருக்கற எடத்துல வச்சே சொன்னாங்க. மறுநாளே மாப்ள ஒரு கூடையில வச்சு எங்க வூட்டுல கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு இருந்து அது எங்க வூட்டுல.

அவ கண்ணாலமான வருசத்துல இருந்தே, எட்டு வருசமா நானு இந்த விரதம் புடிக்கறனுங்க. எனக்கு இனி என்ன வேணும், அவளுக்குத்தான். ஒரு வேளை பாலு, ஒரு வாழப்பழம், அவ்வளவுதான். மொத வருசம் மயங்கி உழுந்தேன், ரெண்டாவது வருசம் காச்சலோட இருந்தேன். ஒரு வருசங்கூட உட்டதில்ல. முருகன் ஏன் காதுல வாங்காம இருக்கறான்னு எனக்குத் தெரியல. நான் என்ன கொறை வச்சேன்னும் தெரியல.

எங்க வூட்டுல சுத்தம் ஜாஸ்திங்க. அத ஊரே சொல்லும். தீபாவளி நோம்பிக்குக் கறி எடுப்போம், எடுக்காம இருக்க முடியுமா, நாத்தனார் வூடு, கொழுந்தனார் வூடுன்னு பதினஞ்சு பேரு வருவாங்க. ஆனா பொழுது உழுகறதுக்குள்ள வூட்டுல ஒரு துண்டு கவுச்சி இருக்கக்கூடாது. மறுநாள் அமாவாசை, அதுக்கு அடுத்த நாள் காப்பு. அதனால அன்னைக்கே சட்டி, போசி, வட்டல் எல்லாம் புளி போட்டுத் தேச்சு, வூடு பூராவும் மஞ்சத்தண்ணி தெளிச்சு, குப்பைத்தொட்டிலகூட ஒரு எலும்பு கெடக்க உட மாட்டேன். இந்த வருசமும் அப்பிடித்தான். மிச்சமிருந்த கொழம்பு, நல்லி, நெஞ்செலும்பு, ஒறம்பரை கடிச்சுப் போட்டது, எல்லாத்தையும் வழிச்சு ஒரே அன்னக்கூடையில போட்டு, வூட்டுக்குப் பின்னாடி பொடக்காலில பிஸ்கோத்துக்கு வச்சுட்டேன். கால்மணி நேரத்துல கூடைய நக்கி வச்சுருச்சுங்க. எனக்கு நிம்மதியாப் போச்சு. இனி வூடு சுத்தம்னு அப்பறந்தான் போயித் தலைக்கு ஊத்திக்கிட்டேன்.

அமாவாசை அன்னைக்கு வெடியால வாசல்ல வாந்தி எடுத்து வச்சிருந்துச்சு. நோம்பின்னா மனுசனுக்கே ரெண்டு நாளைக்கு வயிறு ஒதப்பும், அதுக்கு ஒதப்பாதுங்களா? கழுவி உட்டுட்டேன். மறுநாள் நான் காப்புக் கட்டுறப்ப வந்து பூசை ரூமு வாசப்படில தலைய வச்சுப் படுத்துக்கிச்சு. எப்பவும் அங்க வராது, நான் உட மாட்டேன். அன்னைக்கு என்னமோ வெரட்ட மனசு வரல. பால் சோறு பெசஞ்சு வச்சேன், மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மத்தியானமும் அப்பிடித்தான். பொழுதோடயும் அப்பிடித்தான். நான் பால் டம்ளர எடுத்துக் குடிக்கறப்ப என்னையவே பாத்துட்டு இருந்துச்சுங்க. எனக்கு மேல் சிலுத்துப் போச்சு. “ஏனுங்க, இங்க வந்து பாருங்க, பிஸ்கோத்து என்கூட விரதம் புடிக்குது”ன்னு அவரக் கூப்புட்டுச் சொன்னேன். அவரு கண்ணாடியப் போட்டுட்டு வந்து பாத்தாரு. “அதுக்கு வகுறு செரியில்ல புள்ள”ன்னாரு. அவருக்கு எப்பவுமே பக்தி கம்மிங்க.

இன்னொரு காப்புக் கயிறு இருந்துச்சு, மஞ்சத் தடவி அது கழுத்துல கட்டி உட்டேன்.

நீங்களே சொல்லுங்கண்ணா, நாயி சோத்த வேண்டாம்னு சொல்லுமா? எங்கியாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒரு நாளு வேண்டாம்னா வகுறு செரியில்லைன்னு சொல்லலாம். ரெண்டாவது நாளும் வேண்டாம்னா? அந்த ரெண்டாவது நாளுதான் நமஸ்காரம் பண்ண ஆரம்பிச்சுது. சத்தியமாங்க. நான் உக்காந்து கவசம் படிக்கறேன், அது எனக்கு முன்னாடி வந்து, முன்னங்காலு ரெண்டையும் நீட்டி, நெஞ்சத் தரையில வச்சு, பின்னாடிய மட்டும் தூக்கிட்டு அப்பிடியே நிக்குது. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். எந்திரிக்கும், ஒரு சுத்துச் சுத்தும், மறுபடியும் கும்புடும். கவசம் முடியற வரைக்கும் கும்புட்டுது. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. எட்டு வருசமா வாயத் தொறக்காத முருகன் இப்ப வாயில்லாத சீவன் மூலமாப் பதில் சொல்றான்னு நெனச்சேன். இந்த வருசம் என் புள்ளைக்கு உண்டுன்னு முடிவே பண்ணிட்டேன்.

பொடக்காலில போயி அருகம்புல்லாப் பாத்துப் பாத்துத் தின்னுச்சு. வேற எதையும் தொடல, புள்ளையாருக்கு வெக்கற அருகம்புல்லு மட்டும். தின்னுட்டு மஞ்ச மஞ்சயாக் கக்குச்சு. அதுல எனக்கு ஒண்ணும் பயமில்ல, ஏன்னா வெறும் வகுறா இருந்தா எனக்கும் பித்தம் அப்பிடித்தான் வரும். வாயில எச்சி ஒழுகுச்சு, பசிச்சா ஒழுகத்தான் செய்யும். ரெண்டுக்குப் போகல. போய் உக்காரும், முக்கும், எந்திரிக்கும், மறுபடி வேற எடத்துல உக்காரும், ஒண்ணும் வராது. திங்காத வயித்துல என்ன வரும்னு நான் சொன்னேன். எல்லாத்துக்கும் எங்கிட்ட ஒரு பதில் இருந்துச்சுங்க.

எதுத்த வூட்டுச் சம்பூரணத்தக்கா மருமகதான் செல்லுல படம் புடிச்சு உட்டா. நான் புடிக்கச் சொல்லல. சரி, வேண்டாம்னும் சொல்லல. மூணாவது நாளு பஜனைக்காரப் பொம்பளைங்க இருவது பேரு வந்துட்டாங்க. நெத்தியில குங்குமம், கழுத்துல அரளி மாலை. ஒருத்தி பழனிப் பஞ்சாமிர்தத்தத் தொறந்து மூக்குக்கிட்ட நீட்டுனா, அது தலையத் திருப்பிக்கிச்சு. “பாத்தீங்களா, பஞ்சாமிர்தத்தையே தொடல”ன்னு அத்தன பேரும் கையெடுத்துக் கும்புட்டாங்க. அது எந்திரிச்சுப் போயித் தொவைக்கற கல்லுக்கு அடியில படுத்துக்கிச்சு. தியானத்துல இருக்குது, யாரும் சத்தம் போடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். இப்ப நெனச்சா எனக்கே வெக்கமா இருக்குதுங்க. ஆனா அன்னைக்கு அப்பிடித்தான் தோணுச்சு, பொய்யி சொல்லல.

என்னையக் கேட்டா எல்லாம் அந்தப் படத்தாலதானுங்க. எத்தன ஆயிரம் பேரு பாத்தாங்களோ. எத்தன கண்ணு.

அன்னைக்குத்தான் எஸ்தரு வந்தா. நைட் டூட்டி முடிச்சுட்டுப் பொடக்காலி வழியா வந்து, அது பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, மேலுதட்டத் தூக்கிப் பாத்தா. “ஆன்ட்டி, ஈறு வெளுத்துக் கெடக்குது”ன்னா. அப்பறம் கழுத்துக்குப் பின்னாடி பெடரியில தோலப் புடிச்சு இழுத்து உட்டா. அது டக்குனு உள்ள போகல, கூடாரமாட்டம் அப்பிடியே நின்னுச்சு. “பாருங்க, ஒடம்புல தண்ணியே இல்ல. வகுறு கல்லாட்டம் இருக்குது, தொட்டா மொனகுது. நாயி சும்மா மூணு நாளு சாப்புடாம இருக்காது ஆன்ட்டி, இன்னைக்கே காட்டிருங்க”ன்னா. நான் என் பொறங்கைத் தோலப் புடிச்சு இழுத்து உட்டுக் காட்டுனேன். “இதும் நிக்குது பாரு அம்மிணி. நோம்பிருந்தா ஒடம்பு வத்தத்தான் செய்யும்”னேன். அவ என்னமோ சொல்ல வந்தா. “உங்களுது வேற சாமி கண்ணு, சஷ்டியப் பத்தி உனக்குத் தெரியாது”ன்னுட்டேன். மொகம் சுண்டிப் போச்சு அவளுக்கு. நல்ல புள்ளைங்க. என் வூட்டுக்காரருக்குச் சக்கரை ஏறுனப்ப ஓடியாந்து ஊசி போட்டவ. அவளப் போயி அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா அவளும் இன்னுங் கொஞ்சம் அடிச்சுச் சொல்லியிருக்கலாமல்ல? படிச்ச புள்ள, ஒரு தடவ சொல்லிட்டு உட்டுட்டாப் போதுங்களா?

அடிக்குது பாருங்க செல்லு. தாரணிதான். எடுக்கலைங்க. வெடியாலருந்து நாலு தடவ அடிச்சுட்டா. என்னன்னு எடுக்கறது.

ஆட்டுக்குட்டி நல்லா அசை போடுதுங்களே, பயப்படாதீங்க. அசை போட்டா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். மாடு ஆட்டுல எனக்கு எல்லாம் தெரியும், எங்கப்பன் வூட்டுல எட்டு எருமை. வகுறு ஊதுனா எனக்குத் தூரத்துல இருந்தே தெரியும். நாயிலதான் தெரியாமப் போச்சு.

நாலாவது நாளச் சொல்றனுங்க. அதச் சொன்னாத்தான் நான் ஏன் அப்பிடி இருந்தேன்னு உங்களுக்குப் புரியும். அந்தப் படம் கரூர் வரைக்கும் போயிருச்சு. சம்பந்தியம்மா எனக்குப் போன் பண்ணாங்க. எட்டு வருசத்துல அவங்களா எனக்குப் பண்ணுனது அதுதான் மொதத் தடவ. “சம்பந்தி, அந்தச் சீவன நான் என்னென்னமோ சொல்லிட்டேன். அது இருக்கற விரதத்துக்காச்சும் ஆண்டவன் கண்ணத் தொறப்பான். திருக்கல்யாணம் முடியட்டும், நானே காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டு வாறேன், தாரணிகூடவே இருக்கட்டும்”னாங்க. பொறவால தாரணி பண்ணி அழுகறா. என்ன சாமின்னு பதறிக் கேட்டேன். “அத்தை இன்னைக்கு என்னையக் கண்ணுன்னு கூப்புட்டாங்கம்மா”ங்கறா. சாப்டியா கண்ணுன்னு கேட்டாங்களாமா. அவ்வளவுதானுங்க. அதுக்கு எம்புள்ள அந்த அழுகை அழுகுது. அந்த வூட்டுல அவ எப்பிடி இருந்திருப்பான்னு அந்த அழுகைலதான் எனக்கே தெரிஞ்சுது.

அவ பிஸ்கோத்தக் காட்டச் சொன்னா. காட்டுனேன். “ஏம்மா இப்பிடி இளச்சிருக்குது? ஒரு வாயி பாலாச்சும் குடும்மா”ன்னா. நான் செல்லத் திருப்பி வெளக்கக் காட்டிட்டேன். ஆறு நாளு முடியோணும். நடுவால ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, ஊசி போட்டு, இது வெறும் சீக்குன்னு ஆயிருச்சுன்னா? சம்பந்தியம்மா மறுபடியும் என்ன சொல்லிக் கூப்புடுவாங்க அவள? ரெண்டு நாளுதானேன்னு நெனச்சேன். ரெண்டே ரெண்டு நாளு தாங்கிக்கோ சாமின்னு அதுங்கிட்டச் சொன்னேன். காத ஆட்டுச்சு.

அஞ்சாவது நாளு. நேத்து.

இதை நான் யாருகிட்டயுஞ் சொல்லலைங்கண்ணா. அவருகிட்டயும் இல்ல, எஸ்தருகிட்டயும் இல்ல. நீங்க யாரோ, நான் யாரோ, இந்தப் பெஞ்ச உட்டு எந்திரிச்சா மறுபடி பாக்கப் போறதில்ல, அதனால சொல்றேன். நேத்து வெடியால பொடக்காலிக்குப் போனேன். தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல கருப்பாப் போயி வச்சிருந்துச்சு. தாரு மாதிரி. அந்த நாத்தம் எனக்குத் தெரியும். எங்க மாமியா கடைசில இருந்தப்ப நான்தான் தொடச்சு உட்டேன், அதே நாத்தம், ரத்தம் செத்த நாத்தம். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. விரதமும் இல்ல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. அவரு பல்லு வெளக்க வர்ற சத்தம் கேட்டுச்சு. நாலு கொடம் தண்ணிய மொண்டு ஊத்திக் கழுவி உட்டுட்டேன். சீவக்கட்டையில ஒரு துளி இல்லாமத் தள்ளி உட்டுட்டு, அது மேல மஞ்சத்தண்ணியும் தெளிச்சேன். அவரு வந்து “என்ன புள்ள, இத்தன நேரத்துலயே கழுவற”ன்னாரு. “நாளைக்குச் சூரசம்காரமல்லங்க”ன்னேன்.

அது கல்லுக்கடியில இருந்து என்னையப் பாத்துட்டு இருந்துச்சு. தண்ணி வச்சேன், குடிக்கல. எளநி வாங்கியாந்து வாயத் தொறந்து ஊத்துனேன், ஓரமா வழிஞ்சு போச்சு. வகுறு ஒரு பக்கம் ஊதியிருந்துச்சு. பொழுதோட அவரு தூக்கப் போனாரு, “நான் கொண்டு போறேன் புள்ள, நீ உன்ற சாமியக் கும்புடு”ன்னாரு. நான் அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். “ஒரே நாளுங்க. நாளான்னைக்குச் சம்பந்தி வர்றாங்க”ன்னேன். அவரு உட்டுட்டாரு. முப்பத்தி மூணு வருசமா நான் கையப் புடிச்சா உட்டுருவாரு. நேத்தாச்சும் ஒதறியிருக்கலாம்.

இன்னைக்கு வெடியால பூசை மணி அடிச்சேன். எப்பவும் அந்தச் சத்தத்துக்குத் தலையத் தூக்கும். தூக்கல. போயித் தொட்டேன், காது சில்லுனு இருந்துச்சு. நான் போட்ட சத்தத்துல எஸ்தரு செவத்து மேல ஏறிக் குதிச்சு வந்துட்டா. ஒரு வார்த்தை என்னையச் சொல்லல. துப்பட்டாவுல சுத்தி மடியில வச்சுட்டு ஆட்டோவுல ஏறுனா, நானும் அப்பிடியே ஏறிட்டேன். வழியெல்லாம் அவ ஜெபம் பண்ணுனா. நான் முருகான்னு வாயத் தொறந்தேன், வரல.

டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான். எங்க தாரணி வயசுதான் இருக்கும். “எத்தன நாளாச்சும்மா சாப்புட்டு?”ன்னாங்க. “இன்னையோட ஆறு நாளுங்க, சஷ்டி விரதம்”னேன். “நான் உங்களக் கேக்கலம்மா, நாயக் கேட்டேன்.” “நானும் நாயத்தானுங்க சொல்றேன்”னேன். கையில இருந்த குழாய அப்பிடியே வச்சுட்டு என்னைய நிமிந்து பாத்தாங்க. கழுத்துல கெடந்த காப்பப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன், திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். “முன்னங்கால நீட்டி, பின்னாடிய மட்டும் தூக்கிட்டு நின்னுச்சா?”ன்னு கேட்டாங்க. “ஆமாங்க, கும்புட்டுது”ன்னேன். “அது வயித்து வலிம்மா. வலி தாங்க முடியாதப்ப நாயி அப்பிடித்தான் நிக்கும்”னு மெதுவாச் சொன்னாங்க.

எக்ஸ்ரே படம் புடிச்சுக் காட்டுனாங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுன்னுதான் பாத்தேன், தெரிஞ்சுதுங்க. வெள்ளை வெள்ளையா, துண்டு துண்டா. நல்லி எதுன்னுகூட என்னால சொல்ல முடிஞ்சுது. வெந்த எலும்பு நாயிக்கு ஆகாதாமுங்க. வெந்துட்டா சிலாம்பு சிலாம்பா ஒடையுமாம், கொடலக் கிழிக்குமாம், கூட்டமா உள்ள போனா அடச்சுக்குமாம். மொத நாளு வாந்தி எடுத்து, மறுநாளும் சோறு வேண்டாம்னப்பவே தூக்கியாந்திருந்தா சுளுவா எடுத்திருக்கலாமுன்னாங்க. நாயி எலும்பு திங்காம வேற என்னண்ணா திங்கும்? இத யாராச்சும் முன்னாடியே சொல்ல வேண்டாமா? கறிக்கடைக்காரன் சொன்னானா? கண்டபடி கொத்திக் குடுக்கறான். டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டேன். அவங்க, “சோறு வேண்டாம்னு அது சொல்லுச்சேம்மா”ன்னாங்க.

ஒடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாதுன்னாங்க. கையெழுத்து வாங்கிட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. காப்ப அறுக்கோணும்னாங்க, ஊசி போட எடஞ்சலா இருக்குதாம். விரதம் முடியாம அறுக்கக் கூடாதுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. பாருங்க, அப்பவும் வந்துச்சு எனக்கு. நானே பல்லால கடிச்சு அறுத்தேன். இந்தா, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கறேன். என்ன பண்றதுன்னு தெரியல, அதான் வச்சிருக்கறேன்.

இங்க உக்காந்து அந்த ஆறு நாளையும் மறுபடி ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்தனுங்கண்ணா. அந்த ரெண்டாவது நாளு. பூசை ரூமுல முருகன் படம் கெழக்கால இருக்குது. நான் அதப் பாத்து உக்காந்திருந்தேன். அது எனக்கு முன்னாடி வந்து நின்னுச்சுன்னு சொன்னனல்ல? படத்துக்கு முதுகக் காட்டிட்டுத்தாங்க நின்னுச்சு. அது சாமியப் பாக்கவே இல்ல. என்னையப் பாத்துத்தான் குனிஞ்சுது. ஒவ்வொரு தடவயும் என்னையப் பாத்துத்தான். அந்த வூட்டுல அதுக்கு வேற யாரத் தெரியும், சோறு போடறவ நாந்தானே. வலிக்குது வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்குது. நான் அதுக்குக் கவசம் படிச்சேன்.

மறுபடியும் செல்லு. அவளேதான். நாளைக்குக் காரு வரும். சம்பந்தியம்மா பட்டுச் சீலை எடுத்து வச்சிருக்கறாங்களாமா, பிஸ்கோத்தக் கூட்டிட்டுப் போக வர்றதுக்கு. நேத்துச் சொன்னா. சிரிச்சுட்டே சொன்னா.

என்னங்க? நாப்பத்தொண்ணா? நாப்பத்தொண்ணுன்னா கூப்புடறாங்க?

ஐயோ. எஸ்தரு இன்னும் வரலைங்களே. வெளிக் கேட்டுப் பக்கம் வர்றாளா பாருங்க. இல்லைங்களா? கொஞ்சம் இருங்க சார், வர்றனுங்க, இதோ. அண்ணா, எனக்குக் காலு வர மாட்டீங்குதுங்க. எந்திரிக்க முடியல. பசி இல்லீங்க, பசியெல்லாம் எனக்குப் பழக்கந்தான். நீங்க ஒரு உதவி பண்ணுங்க. ஆட்டுக்குட்டிய எங்கிட்டக் குடுங்க, நான் பத்தரமாப் புடிச்சுக்கறேன், அடிபட்ட கால அமுத்த மாட்டேன். நீங்க உள்ளார போயிக் கேட்டுட்டு வாங்க. டாக்டரம்மாவையே கேளுங்க, மத்தவங்கள நம்பாதீங்க. நல்ல சேதின்னா அங்க வாசல்ல நின்னே சத்தம் போட்டுச் சொல்லிருங்க, எனக்குக் கேக்கும். வேறன்னா ஒண்ணுமே சொல்ல வேண்டாமுங்க. பேசாம வந்து இப்பிடிப் பக்கத்துல உக்காந்துக்கங்க. நான் தெரிஞ்சுக்கறேன்.

போங்கண்ணா. சீக்கிரம் போங்க.

இரு சாமி, இரு. உங்கய்யன் வந்துருவாரு. கத்தாத. ஒண்ணும் பண்ண மாட்டேன் உன்னைய. வலிக்குதா? எங்க வலிக்குது, சொல்லு எங்கிட்ட. சொல்லு கண்ணு, கேக்கறேன்.

வந்துட்டீங்களாண்ணா? குட்டி பத்தரமா இருக்குதுங்க, இந்தாங்க, கத்தவே இல்ல. புடிச்சுக்கங்க.

என்னங்கண்ணா. நின்னுட்டே சொல்லுங்களே. பெஞ்செல்லாம் ஈரமா இருக்குதுங்க. இங்க எடம் இல்லீங்கண்ணா. உக்காராதீங்க.